உறைமண் உருகினால் பயிர் செழிக்குமா?



சைபீரியாவின் கிழக்குப் பகுதியில், லீனா என்னும் பேராற்றின் கரையில், யாகுட்ஸ்க் என்ற நகரம் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே வெப்பமானி பூஜ்யத்திற்குக் கீழே 40 டிகிரியைக் காட்டுவது சர்வசாதாரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு ருஷ்ய வாணிபக் கழகத்தின் அலுவலராக அந்நகரில் வாழ்ந்த ஃபியோதர் ஷெர்கின் என்பவர், குடிநீர் வேண்டி 1820களின் இறுதியில் ஒரு கிணறு தோண்டத் தொடங்கினார். பத்தடி தோண்டினார், மண் கல்லாய் உறைந்திருந்தது. ஐம்பதடி தோண்டினார், அங்கும் அப்படியே. ஆண்டுகள் உருண்டன. 1830களின் பிற்பகுதியில் கிணற்றின் ஆழம் 116 மீட்டரை எட்டியது. அந்த ஆழத்திலும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்கவில்லை. உறைந்த மண்ணே இருந்தது. 1844ஆம் ஆண்டில் மிட்டெண்டார்ஃப் என்ற விஞ்ஞானி அந்தக் கிணற்றுக்குள் வெப்பமானிகளை இறக்கி அளந்து, பூமியின் அடியில் இத்தனை ஆழம்வரை குளிர் குடிகொண்டிருப்பதை உலகுக்கு உறுதிப்படுத்தினார். நீர் தராத அந்தக் கிணறு அறிவைத் தந்தது. இன்றும் அது யாகுட்ஸ்க் நகரில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

கோடையிலும் உருகாமல், குறைந்தது ஈராண்டுகள் தொடர்ந்து உறைந்தே கிடக்கும் நிலத்தை விஞ்ஞானிகள் நிரந்தர உறைநிலம் என்கிறார்கள். ருஷ்யாவின் வடபாகம், அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்தின் கரையோரம், ஸ்கான்டிநேவியாவின் வடகோடி, திபெத்தின் உயர்ந்த மேட்டுநிலம் ஆகிய இடங்களில் இது பரந்து கிடக்கிறது. வடகோளத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்தகைய நிலம் காணப்படும் பிரதேசமாகும். இந்நிலத்தின் மேல், கோடைதோறும் உருகிக் குளிர்காலம்தோறும் மீண்டும் உறையும் மேல்மண் ஒன்று உண்டு. சில இடங்களில் அது முழங்கால் ஆழமே. வேறு சில இடங்களில் ஆள் ஆழத்திற்கும் மேல். அந்தப் பகுதிகளில் செடிகொடிகளின் வாழ்வும், புழு பூச்சிகளின் வாழ்வும், அவற்றை நம்பி வாழும் மாந்தரின் வாழ்வும் இந்த மெல்லிய மேல்மண்ணைச் சார்ந்தவையே.

இப்போது அந்த உறைநிலம் உருகத் தொடங்கியிருக்கிறது. 1979ஆம் ஆண்டு முதல் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான அளவீடுகளை ஆராய்ந்து 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட விஞ்ஞானிகள், வடதுருவப் பிரதேசம் உலகின் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விரைவாகச் சூடேறி வருவதாகக் கண்டனர். பனி உருகுவதைப் பற்றிக் கேள்விப்படும்போது நம்மில் பலருக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பே. உறைந்து பயனற்றுக் கிடந்த மண் உருகினால் நல்லதுதானே? மண் இளகும், சத்து வெளிப்படும், செடி தழைக்கும், தழைத்த செடி கரியமில வாயுவை உட்கொண்டு காற்றைத் தூய்மையாக்கும். இதில் தீங்கு எங்கே வந்தது? கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்வியை இத்திங்கள் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

முதலில், அந்த மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். செடி வளரக் காற்று, நீர், ஒளி மட்டும் போதா. தழைச்சத்தும் மணிச்சத்தும் வேண்டும் என்பது உழவரைப் பெற்ற ஒவ்வொரு குடும்பத்திற்கும் தெரியும். தூந்திரம் எனப்படும் வடதுருவச் சமவெளியில் இவ்விரண்டுக்கும் பெரும் பஞ்சம். இதில் ஒரு விந்தை உண்டு. மண்ணில் சத்து இல்லாமல் இல்லை, ஏராளமாக இருக்கிறது. ஆனால் அது செடிக்கு எட்டும் நிலையில் இல்லை. விழுந்த இலையும் மடிந்த வேரும் மக்கினால்தான் அவற்றில் கட்டுண்ட சத்து விடுபடும். மக்கவைப்பவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள். கடுங்குளிரிலும், பிராணவாயு நுழையாத சதுப்பிலும் அவை சோம்பிக் கிடக்கின்றன. ஆகவே ஓராண்டில் விழுந்தது மக்கும் முன்னரே மறு ஆண்டின் சருகு அதன்மேல் விழுகிறது. நாளடைவில் அடியிலுள்ளது உறைநிலத்தின் பிடிக்குள் சிக்கி அப்படியே நின்றுவிடுகிறது. பல்லாயிரம் ஆண்டுகள் இவ்வாறு சேர்ந்து சேர்ந்து, வடதிசை உறைநிலப் பகுதிகளில் ஏறத்தாழ 1,46,000 கோடி முதல் 1,60,000 கோடி டன் வரை கரிமம் அடைபட்டிருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இன்று காற்று மண்டலம் முழுவதிலும் உள்ள கரிமத்தைப்போல் இது ஏறக்குறைய இரு மடங்கு. சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் பனியூழிக் காலத்தில் படிந்த ஒரு வகைப் பனிக்கட்டி மண்ணில் மட்டும் சுமார் 4,100 கோடி டன் தழைச்சத்து இருப்பதாக 2022ஆம் ஆண்டின் மதிப்பீடு ஒன்று கூறுகிறது. களஞ்சியம் நிறைந்திருக்க, வாசலில் பசித்திருப்பவனின் நிலைதான் அங்குள்ள செடியின் நிலை.

அந்தக் களஞ்சியம் எத்துணை உறுதியாகப் பூட்டப்பட்டிருந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லலாம். சைபீரியாவில் கொலிமா ஆற்றங்கரையில், தரைமட்டத்திற்குச் சுமார் 38 மீட்டர் ஆழத்தில், பனியூழிக் கால அணில்கள் தோண்டிய வளைகளை ருஷ்ய விஞ்ஞானிகள் கண்டெடுத்தனர். குளிர்காலத்திற்கென்று அந்த அணில்கள் சேமித்த விதைகளும் காய்களும் அங்கே உறைந்திருந்தன. ஏறத்தாழ 32,000 ஆண்டுப் பழமையான ஒரு காயின் திசுவை எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்தபோது, அது செடியாகித் தழைத்து, வெண்மையான பூக்களைப் பூத்து, மீண்டும் விதையும் ஈந்தது. அந்த ஆய்வுக் கட்டுரை 2012ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியாயிற்று. அந்த ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவரான டேவிட் கிலிச்சின்ஸ்கி, அது வெளிவருவதற்குச் சில நாள்களுக்கு முன்பே காலமானார். முப்பத்திரண்டாயிரம் ஆண்டுகள் ஓர் உயிர்த்துளியைச் சிதையாமல் காத்த மண் அது. அதே மண் உருகினால், காத்துவைத்த அனைத்தும் சிதையத் தொடங்கும் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

இனி, உருகும்போது சத்து என்னவாகிறது என்பதைப் பார்ப்போம். சுவீடனின் வடகோடியில் ஆபிஸ்கோ என்ற இடத்தில் உள்ள சதுப்பு நிலங்களின் மண்ணை ஆராய்ந்தவர்கள் 2012ஆம் ஆண்டில் ஒரு செய்தியை வெளியிட்டனர். உறைநிலத்தின் மேல்விளிம்பிலுள்ள மண் உருகும்போது, செடி நேரடியாக உண்ணத்தக்க தழைச்சத்து, வேர்கள் நிறைந்த மேல்மண்ணில் உள்ளதைக்காட்டிலும் பன்மடங்கு கிடைக்கிறது என்பதே அது. அலாஸ்காவில் ஹீலி என்ற ஊருக்கு அருகே மற்றொரு சோதனை 2008ஆம் ஆண்டு முதல் நடந்தது. வேலி கட்டிப் பனியைத் தடுத்துக் குவித்தார்கள். குவிந்த பனி கம்பளிபோல் மண்ணைப் போர்த்திக் குளிர்கால வெப்பத்தை உள்ளே நிறுத்தியது. வசந்தத்தின் தொடக்கத்தில், நீர் மிகுந்துவிடாதபடி அந்தப் பனியை மண்வெட்டியால் வாரி அப்புறப்படுத்தினார்கள். ஐந்தாண்டுகளில் மண் ஆழமாக உருகியது. செடிக்குக் கிடைக்கும் தழைச்சத்தும் பெருகியது. செடிகளும் முன்னிலும் செழித்தன.

ஆனால் விருந்து படைக்கப்பட்டால் மட்டும் போதுமா? உண்பவன் உரிய வேளையில் வந்து சேர வேண்டும் அல்லவா? வடதுருவத்தில் மண் மிக ஆழமாக உருகுவது கோடையின் இறுதியிலும் இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலுமே. அப்போது பல செடிகள் இலைகளிலிருந்த சத்தை உள்ளிழுத்துக்கொண்டு உறக்கத்திற்கு ஆயத்தமாகிவிடுகின்றன. மேலும், பெரும்பாலான செடிகளின் வேர்கள் சில விரற்கடை ஆழத்தில் பக்கவாட்டில் பரவுவன; ஆழத்தில் விடுபடும் சத்து அவற்றுக்கு எட்டுவதில்லை. ஆழமாக வேர்விடும் சில செடிகளே அதை எட்டிப் பிடிக்கின்றன. அவற்றுள் முதன்மையானது, வெண்பஞ்சுக் குச்சம்போல் பூக்கும் பருத்திப்புல். ஆண்டுதோறும் இது புதிய வேர்களை விட்டு, உருகும் மண் கீழிறங்க இறங்கத் தானும் பின்தொடர்ந்து இறங்குகிறது. மண்ணிலுள்ள சத்து முழுதும் மக்கி முடியும்வரை காத்திராமல், அமினோ அமிலங்களாக இருக்கும்போதே எடுத்துக்கொள்ளும் வழக்கமும் இதற்கு உண்டு என்பதை 1993ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அடையாளமிட்ட தழைச்சத்தை உறைமண்ணின் விளிம்பில் புகுத்திப் பார்த்த சோதனைகளில், ஆழமான வேருடைய இத்தகைய செடிகள் அதை இலையுதிர் காலத்திலும் எடுத்துக்கொண்டது தெரிய வந்தது. எனவே, உருகுவதால் வரும் செல்வம் எல்லாச் செடிகளுக்கும் சமமாய்ப் பங்கிடப்படுவதில்லை. எட்டிப் பிடிக்க வல்லவையே பெறுகின்றன, ஏனையவை பின்தங்குகின்றன.

இந்தப் பங்கீட்டின் விளைவு நீண்ட காலத்தில் எப்படி அமையும்? அலாஸ்காவின் வடபகுதியில் டூலிக் என்னும் ஏரிக்கரையில் 1981ஆம் ஆண்டில் தொடங்கிய சோதனை இதற்கு விடையளிக்கிறது. குறிப்பிட்ட நிலத்துண்டுகளுக்கு ஆண்டுதோறும் சதுர மீட்டருக்கு 10 கிராம் தழைச்சத்தும் 5 கிராம் மணிச்சத்தும் இட்டுவந்தார்கள். ஏக்கர்க் கணக்கில் சொன்னால், சுமார் 40 கிலோ தழைச்சத்தும் 20 கிலோ மணிச்சத்தும் ஆகும். உரமிட்ட நிலத்தில் குள்ளப் பூர்ச்சம் என்னும் புதர்ச்செடி தலைதூக்கியது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது உயர்ந்து, அடர்ந்து, மற்றவற்றின்மேல் நிழல் பரப்பியது. அந்நிழலில் பாசிகளும் கற்பாசி இனங்களும் மறைந்தன. பருத்திப்புல்கூட இடமிழந்தது. பலவகைச் செடிகள் ஒருங்கு வாழ்ந்த இடத்தில் ஒன்றே கோலோச்சியது. "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்று நம் முன்னோர் சொன்னது வடதுருவத்திலும் பொருந்துகிறது.

அதைவிட முக்கியமான செய்தி மண்ணுக்குள் இருந்து வந்தது. இருபது ஆண்டுகள் கழித்து நிலத்தின் கணக்கைச் சரிபார்த்து, 2004ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். தரைக்கு மேலே செடிகளின் ஆண்டு வளர்ச்சி ஏறத்தாழ இருமடங்காகி இருந்தது. பார்ப்பவர் கண்ணுக்குப் பசுமையே தெரிந்தது. ஆனால் தரைக்குக் கீழே, சதுர மீட்டருக்குச் சுமார் 2 கிலோ கரிமம் காணாமற் போயிருந்தது. சத்தைப் பெற்ற நுண்ணுயிர்கள் சுறுசுறுப்படைந்து, பழைய மக்குப்பொருளைத் தின்று தீர்த்துக் காற்றில் விட்டிருந்தன. மேலே வரவு, கீழே அதனினும் பெரிய செலவு. மேல்மாடிக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கும்போதே அடித்தளத்துச் செங்கல்லைப் பெயர்த்து விற்றுவிட்ட குடும்பத்தை ஒத்தது அந்நிலம்.

செடிகளே இதற்குத் துணைபோகின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. வேர்கள் மண்ணில் சர்க்கரை போன்ற பொருள்களைக் கசியவிடுகின்றன. அவற்றை உண்டு வலிமை பெறும் நுண்ணுயிர்கள், அருகிலுள்ள பழைய மக்கையும் சிதைக்கின்றன. புதிய ஆழத்திற்கு வேர் இறங்கினால் இந்த வேலையும் ஆழத்திற்கு இறங்கும். இதன் காரணமாக மட்டும் 2100ஆம் ஆண்டிற்குள் வடதிசை உறைநிலங்களிலிருந்து கூடுதலாகச் சுமார் 4,000 கோடி டன் கரிமம் வெளிவரக்கூடும் என 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. உலகத்தார் அனைவரும் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து இப்போது ஓராண்டில் வெளிவிடும் கரிமத்தைப்போல் இது ஏறக்குறைய நான்கு மடங்கு.

இங்கே கற்பாசியைப் பற்றி ஒரு சொல். நம் இல்லத்தரசியர் கறி மசாலாவில் சேர்க்கும் கல்பாசி இந்த இனத்தைச் சேர்ந்ததே. பூஞ்சையும் பச்சைப் பாசியும் கூடிக் குடித்தனம் நடத்தும் விந்தையான உயிர் அது. தூந்திரத்தில் இதன் வகைகள் தரையெங்கும் படர்ந்திருக்கும். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும். ரெயின்டீர் எனப்படும் துருவமான் குளிர்காலத்தில் பனியைக் குளம்பால் கிளறி உண்பது பெரும்பாலும் இதைத்தான். ருஷ்யாவின் நெனெட்ஸ் மக்களும், ஸ்கான்டிநேவியாவின் சாமி மக்களும் துருவமானை மேய்த்து வாழ்பவர்கள். புதர் பெருகி, நிழல் விழுந்து, கற்பாசி குறைந்தால், மானுக்கு உணவு குறையும். மானை நம்பிய குடும்பத்திற்கும் குறையும். அலாஸ்காவின் வடபகுதியில் 1940களின் இறுதியில் விமானத்திலிருந்து எடுத்த புகைப்படங்களையும், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அதே இடங்களில் எடுத்த படங்களையும் ஒப்பிட்டவர்கள், புதர்கள் பல இடங்களில் கூடியிருப்பதை 2001ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்கள். எனவே இது சோதனை நிலத்துடன் நின்றுவிடும் செய்தி அன்று.

அப்படியானால் புதர்தான் பகைவனோ? அவ்வாறு அவசரப்பட்டு முடிவு கட்டுவதும் தவறு. குளிர்காலத்தில் புதர்கள் பனியைத் தம்மிடையே தேக்கி வைக்கின்றன. தேங்கிய பனி மண்ணைப் போர்த்துவதால் நுண்ணுயிர்கள் குளிர்காலத்திலும் சிறிது வேலை செய்கின்றன. சத்து மேலும் வெளிப்படுகிறது. புதர் மேலும் வளர்கிறது. இது ஒரு பக்கம். கோடையிலோ அதே புதரின் நிழல் மண்ணைக் குளிர்ச்சியாக வைக்கிறது. சைபீரியாவின் வடகிழக்கில் கிடாலிக் என்ற காப்பகத்தில் 2007ஆம் ஆண்டில், பத்து மீட்டர் அகலமுள்ள வட்டங்களில் குள்ளப் பூர்ச்சத்தை மட்டும் வெட்டி அகற்றிப் பார்த்தார்கள். நிழலிழந்த மண் ஆழமாக உருகியது. உள்ளிருந்த பனிக்கட்டி கரைந்து தரை அமிழ்ந்தது. சில ஆண்டுகளில் அவ்விடம் குட்டையாகி, மீத்தேன் வாயுவை வெளிவிடத் தொடங்கியது. புதர் வளர்ந்தாலும் மாற்றம்; புதரை அகற்றினாலும் கேடு. பல்லாயிரம் ஆண்டுகளில் செடியும் பாசியும் பனியும் மண்ணும் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையில் ஓர் இழையைப் பிடித்து இழுத்தால், எந்தப் பக்கம் அவிழும் என்று சொல்ல முடியாத நிலை இது.

தரை அமிழ்தல் என்று சொன்னேன். இதுவே உறைநிலத்தில் நேரும் பெரிய மாறுதல். பல இடங்களில் மண்ணுக்குள் பனிக்கட்டி, சுவர்போலவும் ஆப்புபோலவும் புதைந்திருக்கிறது. அது கரைந்தால் மேலுள்ள மண்ணுக்குத் தாங்கலில்லை. மரங்கள் குடித்தவன்போல் சாய்கின்றன. தரையில் பள்ளங்கள் தோன்றுகின்றன. பள்ளத்தில் நீர் தேங்கினால் பிராணவாயு இல்லாத சேற்றில் மீத்தேன் உண்டாகிறது. நீரை விரும்பும் கோரைகள் அங்கே முளைத்து, தம் உட்புழையுள்ள தண்டுகளைக் குழாய்களாக்கி அந்த வாயுவை மேலே கடத்துகின்றன. மேட்டுச் சரிவு அமிழ்ந்தாலோ, மண் வழிந்து இறங்கி அடிமண் வெளிப்படுகிறது. கனடாவின் மெக்கென்ஸி ஆற்றுக் கழிமுகத்தில் இவ்வாறு சரிந்த இடங்களில் சத்து மிகுந்து, உயரமான புதர்கள் செழித்து நிற்பதைக் கண்டிருக்கிறார்கள். ஒரே உருகல் ஓரிடத்தில் குளம், ஓரிடத்தில் புதர்க்காடு, மற்றோரிடத்தில் வெறும் சேறு எனப் பல வடிவம் எடுக்கிறது.

வெறும் மண்ணாக விடப்படும் இடத்தில் வேறோர் ஆபத்து உண்டு. சத்து விடுபடுகிறது, ஆனால் அதை உண்ணச் செடி இல்லை. உண்பாரற்ற தழைச்சத்தை நுண்ணுயிர்கள் நைட்ரஸ் ஆக்ஸைடாக மாற்றிக் காற்றில் விடுகின்றன. சிரிப்பூட்டும் வாயு என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோமே, அதுதான். இங்கே சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பத்தைத் தேக்கும் வாயு அது. ருஷ்யாவின் ஐரோப்பியப் பகுதியிலுள்ள தூந்திரத்தில், செடி முளைக்காத கரிச்சேற்றுத் திட்டுகளிலிருந்து அது மிகுதியாக வெளிவருவதையும், அருகிலேயே செடி மூடிய தரையிலிருந்து வெளிவராததையும் 2009ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். செடி அங்கே வெறும் அழகுக்காக நிற்கவில்லை, காவலாளியாக நிற்கிறது.

இவை யாவும் விஞ்ஞானிகளின் கவலை மட்டும் அல்ல. யாகுட்ஸ்க் நகரைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தில் சாகா இனமக்கள் குதிரைகளையும் மாடுகளையும் வளர்த்து வாழ்கிறார்கள். அவர்களுடைய மேய்ச்சல் நிலத்திற்கு அலாஸ் என்று பெயர். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இயற்கையாகவே உறைநிலம் உருகி அமிழ்ந்த பள்ளங்கள் அவை. நடுவே ஏரி, சுற்றிலும் செழித்த புல்வெளி. குறுகிய கோடையில் அங்கே புல்லறுத்து உலர்த்தி, நீண்ட குளிர்காலத்திற்குத் தீவனம் சேர்ப்பார்கள். அதாவது, முன்னொரு காலத்தில் உருகிய நிலமே இன்று அவர்களுக்குச் சோறு போடுகிறது. உருகினால் நன்மையும் உண்டு என்பதற்கு இதுவே சான்று ஆகாதா என்று கேட்கலாம். ஆகும். ஆனால் அந்த நன்மை விளைந்து நிலைபெறப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. இன்று நிகழும் உருகலோ ஒரு மனிதனின் வாழ்நாளுக்குள் நிகழ்கிறது. சுராப்சா வட்டாரத்தில் காட்டை அழித்து உருவாக்கிய வயல்கள், அடியிலிருந்த பனிக்கட்டி கரைந்ததால் வரிசை வரிசையான மேடுகளும் பள்ளங்களுமாகி, உழவுக்குப் பயன்படாமல் கைவிடப்பட்டன. தந்தை உழுத நிலத்தில் மகன் ஏர் பூட்ட இயலவில்லை. பின்வரும் தலைமுறைகளுக்கு அங்கே புல்வெளி அமையலாம் என்பது, இவ்வாண்டு மாட்டுக்குத் தீவனம் தேடும் குடும்பத்திற்கு ஆறுதலாகாது.

இப்போது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்குத் திரும்புவோம். உறைமண் உருகினால் பயிர் செழிக்குமா? சில செடிகள் செழிக்கும்; அதை மறுப்பதற்கில்லை. அந்தச் செழிப்பு இழப்பை ஈடுசெய்யுமா? செய்யாது என்பதே அளவீடுகள் தரும் விடை. முன்னர்க் குறிப்பிட்ட ஹீலியின் அருகே, உருகிவரும் தூந்திரத்தின் சுவாசத்தைப் பதினைந்து ஆண்டுகள் இடைவிடாது அளந்தவர்கள், கோடையில் செடிகள் உட்கொள்வதைவிட ஆண்டு முழுவதும் மண் வெளிவிடுவதே மிகுதி என்று 2021ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். செடி உழைப்பது சில வாரங்கள். நுண்ணுயிர்களோ பனிக்கடியிலும் விழித்திருக்கின்றன. மேலும், ஒரு புதர் தன் வாழ்நாளில் சேர்க்கும் கரிமம், பத்தாயிரக்கணக்கான ஆண்டுகளின் சேமிப்புக்கு முன் எம்மாத்திரம்? பரம்பரைச் சொத்தை விற்றுச் செலவழித்துவிட்டு, மாதச் சம்பளம் சிறிது உயர்ந்ததைச் சொல்லி மகிழ்பவனைக் குடும்பம் நடத்தத் தெரிந்தவன் என்று நாம் மதிப்போமா?

இத்துணையும் படித்தபின் நெஞ்சம் சோர்வடைவது இயல்பு. ஆனால் சோர்வுக்கு இடமில்லை என்பதையும் அதே விஞ்ஞானிகளே சொல்கிறார்கள். 2016ஆம் ஆண்டில் இத்துறை அறிஞர்கள் ஏறத்தாழ நூறு பேரின் கருத்தைத் திரட்டினார்கள். புதிய பசுமை மண்ணின் இழப்பை ஈடுசெய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்பது அவர்களுடைய முதல் முடிவு. மனிதர் வெளிவிடும் வாயுக்களை முனைந்து குறைத்தால், உறைநிலத்திலிருந்து வெளிவர இருப்பதில் நூற்றுக்கு 65 முதல் 85 பங்கை இன்னும் தடுத்துவிடலாம் என்பது இரண்டாவது முடிவு. களஞ்சியத்தின் கதவு சற்றே திறந்திருக்கிறது, முழுதும் திறந்துவிடவில்லை. அது மேலும் திறப்பதா, இவ்வளவில் நிற்பதா என்பதைத் தீர்மானிப்பது வடதுருவத்துக் குளிரன்று. உலகெங்கும் எரியும் உலைகளும் ஓடும் வண்டிகளும் வெளிவிடும் புகையே. காற்றுக்கு வேலியில்லை. எங்கே எரித்தாலும் அந்தப் புகை அங்கும் சேரும்; அங்கே உருகினாலும் அந்த வெப்பம் எல்லார் வாசலுக்கும் வரும்.

குடிநீர் தேடி 116 மீட்டர் தோண்டிய ஷெர்கின், அடியில் உறைந்திருந்தது என்னவென்று அறியாமலேயே கைவிட்டார். நமக்கு அந்த அறியாமை இல்லை. பூட்டிய அறைக்குள் என்ன இருக்கிறது, பூட்டு எதனால் இளகுகிறது, திறந்தால் எவர் பசியாறுவர், எவர் பட்டினி கிடப்பர் என்பதெல்லாம் அளந்து எழுதப்பட்டுவிட்டன. வீட்டில் பிள்ளைகள் பூகோளப் புத்தகத்தைத் திறந்து, வடதுருவ வரைபடத்தில் தூந்திரத்தைக் காட்டும்போது, "அங்கே ஒன்றும் விளையாது" என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். விளைந்தவை அனைத்தும் அங்கே சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சேமித்ததைக் காப்பது எப்படி என்று அடுத்த கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள்.